முதுகில் ஊசி, காலில் பெட்டி

விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், புங்க மரத்தடியில் எங்கள் தேய்ப்பு வண்டி நிற்கிறது. நானும் என் வீட்டுக்காரியும் தேய்க்கிறோம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்தேன். அதில் ஏழாவது இரண்டு தடவை.

நின்றுகொண்டே செய்கிற வேலை. என்னுடையது இரும்புப் பெட்டி. உள்ளே சிரட்டைக் கரி போட்டால் நல்ல கனம். வீட்டுக்காரி கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டாள். அது லேசு. எனக்குப் பிடிபடவில்லை. லேசான பெட்டியை நாம் அழுத்த வேண்டும். கனமான பெட்டி தானே அழுத்திக்கொள்ளும். பின்னால் டாக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. எழுதிக்கொண்டார்.

வலி வந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. இடுப்பில் ஆரம்பித்து, இடது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் வந்து நிற்கும். முதலில் சும்மா இழுப்பது போல இருந்தது. பிறகு கரண்டு அடிப்பது போல ஆனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. நிற்கிற வேலை செய்கிறவனுக்குக் கால் வலிக்கும். இதில் சொல்ல என்ன இருக்கிறது.

வீட்டுக்காரி தானாகக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், "கால நீட்டுங்க" என்றாள். நீட்டினேன்.

எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் வீட்டில் தைலம் அதிகம் வாங்க மாட்டார்கள். பெட்டிதான். பழைய போர்வையை நான்காக மடித்து வலிக்கிற இடத்தில் போட்டு, ஆறிக்கொண்டிருக்கிற பெட்டியை அதன்மேல் வைத்து மெல்ல இழுப்பார்கள். சூடு எட்டியதும் படுத்திருக்கிறவர் "ம்" என்று சொல்ல வேண்டும். உடனே எடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் வைப்பாள், நான் "ம்" என்பேன். இரண்டு வருடமாக நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது அந்த "ம்"தான்.

வலி வந்தால் ஆள் மாறிவிடுவான் என்று சொல்வார்கள். நான் மாறியது யாருக்கும் தெரியவில்லை. முன்னாலும் பேச மாட்டேன். அப்போதும் பேசவில்லை. கொட்டாம்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் போன் பண்ணினால், எடுத்து அப்படியே வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடுவேன். அலங்காநல்லூரில் மச்சினன் வீடு. பொங்கலுக்கு மாடு பார்க்க வருடம் தவறாமல் போவேன். இரண்டு வருடம் போகவில்லை. வேலை கிடக்கிறது என்று சொன்னேன். பொங்கலுக்கு யாரும் துணி தேய்க்கக் கொடுப்பதில்லை. மச்சினனுக்கும் அது தெரியும். அவனும் கேட்கவில்லை.

காலையில் கண் விழித்ததும், விழித்துவிட்டோமே என்று இருக்கும். பிறகு எழுந்து கரி போடப் போவேன். அந்த நினைப்பை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எங்கள் வண்டியிலிருந்து நான்காவது வீட்டில் ஒரு டீச்சரம்மா இருக்கிறார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைப் பட்டுச்சேலையை சனிக்கிழமை என்னிடம்தான் கொடுப்பார். வீட்டுக்காரியிடம்கூடக் கொடுக்க மாட்டார். ஒரு சனிக்கிழமை அந்தச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது காலில் கரண்டு அடித்தது. கை நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் விதி ஒன்றுதான். பெட்டி நிற்கக் கூடாது.

சேலையை மடித்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரியும் பின்னால் வந்தாள்.

"சேல கருகிருச்சு டீச்சர்" என்றேன்.

விரித்துப் பார்த்தார். நடுவில் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது.

"நீங்க கருக்க மாட்டீங்களே. என்னாச்சு?"

"கை நின்னுருச்சு."

"கை ஏன் நிக்கிது?"

"கால் இழுத்துச்சு."

"எம்புட்டு நாளா?"

"கொஞ்ச நாளா."

"ரெண்டு வருசமா டீச்சர்" என்றாள் பின்னாலிருந்து வீட்டுக்காரி.

டீச்சரம்மா சேலையை நாற்காலியில் போட்டார். "எனக்கும் இதே வலி இருந்துச்சு. முதுகெலும்புல ஊசி போட்டாங்க. இப்ப மாடிக்கு ஏறி வத்தல் காயப் போடுறேன். பாக்குறீங்கள்ல?" பழைய காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஆஸ்பத்திரி பெயரை எழுதிக் கொடுத்தார். சேலையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. இரண்டு திட்டு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வண்டிக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரர் என் வயதுதான். ஊசி என்றதும் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார்.

"ஸ்டீராய்டா மாப்ள? அது பிராய்லர் கோழிக்குப் போடுறதுல்ல? ஒரே மாசத்துல தொட பெருத்துரும்."

"பெருக்கட்டும்ணே. பேன்ட் போட்டா இடுப்புல நிக்கமாட்டேங்குது" என்றாள் வீட்டுக்காரி.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்புக்கு நடுவில் இருக்கிற சவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை அமுக்குகிறது என்று டாக்டர் படத்தில் காட்டினார். எனக்கு அது கீரைத்தண்டு போலத் தெரிந்தது. பிறகு கேட்டார்.

"வலி பத்துக்கு எத்தன? பத்துன்னா தாங்கவே முடியாதது."

"மூணு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பெரிய நம்பர் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்காரி வெளியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த அறையில் ஒரு பெண் தாள் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, மனசு சோர்ந்து போகிறதா, எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா. நாள்பட்ட வலிக்காரர்கள் எல்லோரிடமும் கேட்பதாம். ஒன்பது கேள்வி. ஒன்பதுக்கும் "அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "ரொம்ப தைரியமா இருக்கீங்கண்ணே" என்றாள்.

டாக்டர் கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் வைத்துச் சொன்னார். ஊசி மருந்து நரம்பைச் சுற்றி இருக்கிற வீக்கத்தைக் குறைக்கும். உடனே தெரியாது, சில நாள் ஆகும். "ரெண்டு வாரங்கழிச்சு வாங்க. பாதிக்குப் பாதி கொறஞ்சிருந்தா இன்னொரு ஊசி போட்டுப் பாக்கலாம். கொறயலேன்னா ஆபரேஷன் பத்திப் பேசணும். வலிய மிஷின் வச்சு அளக்க முடியாது. நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணுவேன்."

ஆபரேஷன் என்றால் பல மாதம் பெட்டி தூக்கக் கூடாது. அத்தனை துணியையும் அவள் ஒருத்தி தேய்க்க முடியாது. அடுத்த தெருவில் ஒருவர் புதிதாக வண்டி போட்டிருக்கிறார். அவருக்கு அங்கே நிழல் இல்லை. எங்கள் மரத்தைத் தினமும் பார்த்துவிட்டுப் போகிறார். நல்ல மனிதர்தான். ஆனாலும் வெயில் அடிக்கிறது.

ஊசி அன்று என்னைக் குப்புறப் படுக்கவைத்து வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்தார்கள். மேலே எக்ஸ்ரே மிஷின். முதலில் மரத்துப்போகிற ஊசி. பிறகு பெரிய ஊசி.

"மருந்து எறங்குறப்ப உங்களுக்கு வழக்கமா வர்ற வலி வரும். வந்தா சொல்லணும்" என்றார் டாக்டர்.

வந்தது. நன்றாகவே வந்தது. நான் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வருதா?"

"லேசா."

"லேசாவா? கால் இம்புட்டு துடிக்குது?"

அவர் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை இறக்கினார்.

எழுந்து உட்கார்ந்தபோது வலி இல்லை. இடது கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. நர்ஸ் வந்து சொன்னாள். "கால் சாயங்காலம் வரைக்கும் மரத்திருக்கும். பிடிச்சு நடங்க, விழுந்துறாதீங்க. வண்டி ஓட்டக் கூடாது. ஊசி போட்ட எடத்துல தண்ணி படக் கூடாது. வெந்நி ஒத்தடம் குடுக்கக் கூடாது." இரண்டு பேரும் தலையாட்டினோம். ஆட்டோவில் வீட்டுக்கு வந்தோம்.

சாயங்காலம் அவள் பெட்டியில் கொஞ்சம் கரி போட்டுச் சூடாக்கி, வழக்கம்போலப் போர்வையை மடித்தாள்.

"வெந்நிதான வேணாம்னாங்க" என்றாள். "இதுல தண்ணியே இல்லையே."

அதுவும் சரிதான் என்று பட்டது. முதுகுப் பக்கம் போக வேண்டாம், கெண்டைக்காலில் மட்டும் வைக்கலாம் என்று முடிவு பண்ணினோம். அவ்வளவு ஜாக்கிரதையாகத்தான் இருந்தோம்.

அவள் பெட்டியை வைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தேன். சுகமாக இருந்தது. இரண்டு வருடத்தில் அப்படி ஒரு சாயங்காலம் வரவில்லை. அவள் நான் "ம்" சொல்வதற்காகக் காத்திருந்தாள். எனக்குச் சூடு தெரியவில்லை. அதனால் சொல்லவில்லை. இன்று இவருக்கு ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது போல என்று நினைத்து, பெட்டியை இழுக்காமல் ஒரே இடத்தில் வைத்துவிட்டாள்.

துணி கருகுகிற வாடை எங்கள் இரண்டு பேருக்கும் தூக்கத்திலும் தெரியும். இது வேறு வாடை. அவள் பெட்டியை வீசிவிட்டுப் போர்வையை எடுத்தாள். உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெந்து பொங்கியிருந்தது.

"ஏங்க, சுடலையா?"

"இல்ல."

"ஏன் ம்னு சொல்லல?"

"சுட்டாத்தான சொல்றதுக்கு."

அவள் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்க் கட்டுப்போட வைத்தாள். அவர் எப்படி ஆயிற்று என்று கேட்டார். "பெட்டி விழுந்துருச்சு" என்றேன். அவள் தரையைப் பார்த்தாள்.

மறுநாள் விடிந்தபோது மரமரப்பு விட்டிருந்தது. எல்லா வலியும் ஒன்றாக வந்தது. புண் எரிந்தது, நரம்பு இழுத்தது, ஊசி போட்ட இடம் கனத்தது. எது எந்த வலி என்று பிரிக்க முடியவில்லை. ஊசி வேலை செய்யவில்லை என்றுதான் முதல் நாலைந்து நாள் நினைத்தேன். பிறகு இழுப்பு கொஞ்சம் அடங்கியது, வேலைக்குப் போனேன்.

அதைவிடக் கஷ்டம், அவள் பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது வழக்கம். அவள் அப்படி இல்லை. துணி கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு கதை கேட்பவள். இப்போது துணியை வாங்கி எண்ணிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சாயங்காலம் போர்வை மடிப்பது நின்றுவிட்டது. வருகிறவர்கள் காலைப் பார்த்து, "என்னண்ணே கட்டு?" என்று கேட்பார்கள். "பெட்டி விழுந்துருச்சு" என்று ஒவ்வொருவருக்கும் சொல்வேன். ஒரு நாள் கேட்டவர் போன பிறகு அவள் சொன்னாள்.

"எதுக்குப் பொய் சொல்றீங்க? நான் வச்சது."

"சரி."

"என்ன சரி?"

நான் அடுத்த சட்டையை எடுத்து விரித்தேன். அவள் கேஸ் பெட்டியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று மீதித் துணியை நான் தேய்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். இந்தத் தடவை அவளும் உள்ளே வந்தாள். நான் கூப்பிடவில்லை. தானாக வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"பரவால்ல."

"பரவால்லங்கிறது நம்பர் இல்லையே. பத்துக்கு எத்தன?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். புண்ணை ஒதுக்கிவிட்டு நரம்பை மட்டும் நினைத்துப் பார்த்தேன். "அஞ்சு" என்றேன்.

டாக்டர் தாளைத் திருப்பினார். "போன தடவ மூணுன்னு இருக்கு. ஊசிக்கப்பறம் அஞ்சாயிருச்சா? அப்ப ஊசி கேக்கல." பேனாவை எடுத்தார். "ஆபரேஷன் டாக்டர்கிட்ட எழுதித் தாரேன்."

நான் வாயைத் திறந்தேன். மூன்று பொய் என்று சொல்ல வேண்டும். ஐந்து நிஜம் என்று அதற்குப் பிறகு யார் நம்புவார்கள் என்று இருந்தது.

"அந்த மூணு பொய்யி சார்" என்றாள் வீட்டுக்காரி.

டாக்டர் நிமிர்ந்தார்.

"நல்லா இருந்தப்ப ஆறு சட்டைக்கு ஒருக்கா கால் மாத்தி நிப்பாரு சார். வலி வந்தப்பறம் கொறஞ்சுகிட்டே வந்துச்சு. ஊசிக்கு முன்னாடி ஒரு சட்ட முடியுறதுக்குள்ள ரெண்டு தடவ மாத்துனாரு. இப்ப ஒரு வாரமா மூணு சட்ட தேச்சுட்டுத்தான் மாத்துறாரு. நான் பக்கத்துல நின்னு எண்ணிக்கிட்டுத்தான இருக்கேன்."

எனக்கு இது தெரியாது. இரண்டு வருடமாக அவள் என் காலை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அரைக்கைச் சட்டையா, முழுக்கையா?" என்று கேட்டார் டாக்டர். அவர் சும்மா கேட்கவில்லை, எழுதுவதற்காகக் கேட்டார்.

"முழுக்கைதான்."

"அப்ப பாதிக்கு மேல கொறஞ்சிருக்கு" என்று சொல்லி, முன்பு எழுதியதை அடித்தார். பிறகு என் கட்டைப் பார்த்தார். "இது என்ன?"

நான் ஆரம்பிப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள். பெட்டி, போர்வை, எல்லாம். அன்று இருந்த அதே நர்ஸ் பக்கத்தில் நின்றாள். "நான்தான் ஒத்தடம் வேணாம்னு சொன்னேனேக்கா."

"வெந்நின்னு சொன்னீங்கம்மா. நாங்க தண்ணியத் தொடவே இல்ல."

டாக்டர் நர்ஸிடம், "இனிமே சூடு எதுவுமே வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். என்னிடம், புண் முழுசாக ஆறட்டும், பிறகுதான் அடுத்த ஊசி என்றார்.

"இவரு ம்னு சொல்லுவாருன்னு இருந்தேன் சார்" என்றாள் அவள். அவர் காரணம் கேட்கவில்லை. ஆனாலும் சொன்னாள். "சுட்டா சொல்லுவாருன்னு இருந்தேன். எதுன்னாலும் சொல்ல மாட்டாரு. இதையாவது சொல்லுவாருல்ல."

மறுபடி அந்தத் தாள் வைத்திருக்கிற பெண்ணிடம் போனோம். அதே ஒன்பது கேள்வி. நான் "அதெல்லாம் இல்லம்மா" என்று ஆரம்பித்தேன். வீட்டுக்காரி கையை நீட்டித் தடுத்தாள்.

"தூக்கம் கெடையாது. எழுதிக்கம்மா. சாப்பாடு வச்சத சாப்பிடுவாரு, இன்னும் வேணும்னு கேட்டு ரெண்டு வருசமாச்சு. முந்தியெல்லாம் யூனிபாரம் மடிப்பு நான் கோணலா வச்சா சத்தம் போடுவாரு. இப்ப எப்படி மடிச்சாலும் சரிங்கிறாரு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்வி, உயிரோடு இருக்க வேண்டாம் என்ற மாதிரி நினைப்பு வருகிறதா என்பது. வீட்டுக்காரி வாயைத் திறந்து மூடினாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா. அவரக் கேளு" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை.

சுவரில் பல் விளக்குவது எப்படி என்று ஒரு படம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"காலைல முழிச்சதும், ஏன் முழிச்சோம்னு இருக்கும்."

"எம்புட்டு நாளாண்ணே?"

"ஒரு வருசம் இருக்கும்."

"ஏதாவது பண்ணிக்கிடணும்னு?"

"அந்த அளவுக்கு இல்ல. முழிக்காம இருந்தா நல்லதுன்னு இருக்கும். அம்புட்டுதான்."

அந்தப் பெண் எழுதினாள். அடுத்த வாரத்திலிருந்து மனநல டாக்டரிடம் வந்து பேச வேண்டும் என்றாள். நாள்பட்ட வலியில் இது வருகிறதுதான், வலியைப் போலவே இதையும் பார்க்க வேண்டும், வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றாள். வீட்டுக்காரியிடம், "தெனமும் அவர்கிட்ட நம்பர் கேளுங்கக்கா. பரவால்லன்னா விடாதீங்க" என்றாள். வீட்டுக்காரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். டவுன் பஸ் வந்தது. நல்ல கூட்டம். அவள் முன் படியில் ஏறிப் பெண்கள் பக்கம் போய்விட்டாள். நான் பின் படியில் ஏறி ஒரு கம்பியைப் பிடித்து நின்றேன். அவள் தலை மட்டும் தெரிந்தது.

இரண்டு ஸ்டாப் போயிருக்கும். அந்தத் தலை திரும்பியது.

"ஏங்க" என்று பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். "எத்தன?"

நான் பரவாயில்லை என்று கையைக் காட்டினேன்.

"கையக் காட்டாதீங்க. நம்பர் சொல்லுங்க."

நடுவில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் தொண்டையைச் செருமினேன்.

"ஆறு."

"ஆஸ்பத்திரில அஞ்சுன்னீங்க?"

"இப்ப ஆறு."

"என்னக்கா, ஏலமா விடுறீங்க?" என்றார் கண்டக்டர்.

"வலிண்ணே. இவரு வலி. பத்துக்கு ஆறாம்."

கண்டக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யாராச்சும் அண்ணனுக்கு எடங்குடுங்கப்பா" என்றார். எனக்குப் பக்கத்து சீட்டில் மடியில் வெங்காயப் பையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் பட்டி போட்டிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு நாலுதாண்ணே இருக்கும். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தால்தான் எனக்கு வலி அதிகம். முன்பு என்றால், மனுஷன் எழுந்துவிட்டாரே என்று உட்கார்ந்திருப்பேன்.

"உக்காந்தா எட்டாயிரும்ணே" என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார். பஸ் விளாங்குடி வரும்வரை நான் நின்றுகொண்டே வந்தேன். அவள் அதற்குள் இன்னும் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சொன்னேன்.